பதினோரு சட்டைவால்களும் ஒரு தளர்ந்த நட்டும்

டெல்மர் சாஸ்ட்ரோவைப் பற்றி எங்கள் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. அவர் சமைத்தால் சாப்பிடுகிறவனுக்கு அதிர்ஷ்டம். அவர் சுட்டால் மானுக்கு அதிர்ஷ்டம்.

வீடுகளுக்குக் காஸ் நிரப்பும் லாரி ஓட்டுகிறவர். விஸ்கான்சின் வடக்கே குளிர் தொடங்கிவிட்டால் அவர் போகாத வீட்டு முற்றம் இல்லை. எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக்காரி காபி கொடுப்பாள், எவன் டேங்க் காலியான பிறகுதான் போன் செய்வான், எல்லாம் அவருக்கு அத்துப்படி. இதில் ஒரு சங்கடமும் உண்டு. நவம்பர் மாதம் எந்த முற்றத்தில் நுழைந்தாலும் அங்கே மேப்பிள் மரத்தில் ஒரு மான் தலைகீழாகத் தொங்கும். வீட்டுக்காரன் அதன் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டு, "உனக்கு இந்த வருஷம் எப்படி டெல்மர்?" என்று கேட்பான். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு முற்றம். பன்னிரண்டு முறையும் டெல்மர், "இன்னும் சீசன் முடியலையே" என்பார். டிசம்பரிலும் அதையே சொல்லுவார்.

தன் வீட்டு முற்றத்து மரத்தில் ஒரு கொம்புமான் தொங்க வேண்டும் என்பதுதான் அந்த மனுஷனின் வாழ்நாள் ஆசை. ஒரே ஒரு முறை தொங்கியது. 1998இல்.

அந்த மானை விழுத்தியது அவருடைய விசித்திரமான துப்பாக்கி. நாங்களெல்லாம் அப்பன் காலத்து மரக்கட்டைத் துப்பாக்கிகளைத் தோளில் மாட்டிக்கொண்டு போவோம். இவருடையது ராணுவ ஜாடை கொண்ட கறுப்புத் துப்பாக்கி. அதன் முதுகில் பெட்டிக்கு இருப்பதுபோல ஒரு கைப்பிடி. "தூக்கறதுக்கு வசதியா இருக்கும்னுதான் வாங்கினேன்" என்று கூசாமல் சொல்லுவார். குறி பார்க்க வசதியா என்று யாரும் கேட்கவில்லை. காட்டுக்குள் அதைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது, மதியச் சாப்பாட்டோடு ஆலைக்குப் போகிற ஆள்போலத்தான் இருப்பார்.

ஆனாலும் 1998இல் கைப்பிடியின் இரும்புக் குறியை வைத்தே ஒரே குண்டில் மானை விழுத்தினார். அதோடு நிறுத்தியிருந்தால் நன்றாக இருந்திருப்பார். இன்னும் தெளிவாகப் பார்க்கலாமே என்று என் கடைக்கு வந்து துப்பாக்கிமேல் மாட்டும் தொலைநோக்கி, ஸ்கோப் ஒன்றை வாங்கினார். என் பெயர் ரஸ். ஊரின் இரும்புச் சாமான் கடை என்னுடையது. விற்றவன் நான்தான், பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.

அந்தத் துப்பாக்கியில் ஸ்கோப்பைக் கைப்பிடியின் மேல்தான் உட்கார வைக்க வேண்டும். அதற்கு மவுண்ட் என்று ஒரு அலுமினியத் தாங்கி. அதிலிருந்து ஒரு போல்ட் கைப்பிடியின் நடு ஓட்டை வழியாகக் கீழே இறங்கும். கீழே கையால் திருகுகிற ஒரு நட்டு. அவ்வளவுதான் சமாச்சாரம். டெல்மர் தன் சமையலறை மேசையில் அதைப் பூட்டினார். கொஞ்சம் ஆடியது. நட்டை இறுக்காமல், ஆட்டத்தை நிறுத்த அடியில் ஒரு துண்டு செருகினார். என்ன துண்டு? வேட்டைக்காரன் முதுகில் குத்திக்கொள்ளும் எண் அட்டை, அந்த 1998ஆம் வருஷத்து ராசியான அட்டை. அதை எட்டாக மடித்து உள்ளே வைத்தார். அட்டை ஈரத்தில் உப்பும், குளிரில் சுருங்கும். அடுத்த வருஷத்திலிருந்து மான்கள் எல்லாம் நீண்ட ஆயுளோடு வாழத் தொடங்கின.

எங்கள் வேட்டைக் குடிலின் சட்டத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். குடில் கோர்டி பிளெட்ஸுடையது. நூறு மாடு வைத்திருக்கும் பால்பண்ணைக்காரன், தொப்பை பெரியது, இதயம் சுமார். கோர்டி, நார்பர்ட் நோவாக், நான், டெல்மர், நாலு பேர். மானைச் சுட்டுத் தப்பவிட்டவன் சட்டையின் பின்வாலை ஆட்டுமயிர் வெட்டும் கத்தரியால் வெட்டி, பெயரும் வருஷமும் எழுதிச் சுவரில் ஆணி அடிப்போம். இது இந்தப் பக்கத்து எல்லாக் குடிலிலும் உள்ள வழக்கம். எங்கள் குடிலில் கூடுதலாக ஒன்று உண்டு. தப்பவிட்டவன் கையில் சமையல் கரண்டியும் ஏறும். அவன் ஒரு மானை விழுத்தும்வரை கரண்டி இறங்காது. விழுத்தினால், அடுத்து யார் பிடிப்பது என்று அவனே சொல்லலாம்.

1999க்கு முன்பு கரண்டி நார்பர்ட்டிடம் இருந்தது. நார்பர்ட் டப்பா பீன்ஸைச் சூடாக்குவான். சில நாள் டப்பாவின் காகிதமும் சேர்ந்து வேகும். அந்த வருஷம் நார்பர்ட் ஒரு மானை விழுத்தினான், அதே நாள் டெல்மர் தப்பவிட்டார், கரண்டி கைமாறியது.

மறுநாள் மாலை டெல்மர் வைத்த பூயாவை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். பெரிய இரும்புக் கொப்பரை. கோழி, மாட்டு எலும்பு, முட்டைக்கோஸ், கேரட், உருளை, எல்லாம் விடிந்ததிலிருந்து கொதித்துக் கொதித்து எது எதுவென்று தெரியாமல் ஒன்றாகிவிட்ட குழம்பு. கோர்டி மூன்று கிண்ணம் சாப்பிட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டான். பிரார்த்தனை செய்கிறான் என்று நினைத்தேன். இடமில்லாமல் திணறிக்கொண்டிருந்திருக்கிறான்.

அடுத்த வருஷம் வேட்டைக்கு முந்தின நாள், சுவரில் சாய்த்திருந்த டெல்மரின் துப்பாக்கியைக் கோர்டி ஓரமாக நகர்த்தினான். ஸ்கோப் தலையாட்டியது. மறுபடி ஆட்டினான். மறுபடி தலையாட்டியது. எங்கள் இரண்டு பேரையும் விறகுக் குவியலுக்குப் பின்னால் கூப்பிட்டான்.

"மவுண்ட் லூசுடா. பல்லு மாதிரி ஆடுது."

"சொல்லிடலாமா?" என்றேன் நான்.

"இன்னிக்கு என்ன சமையல்?"

"பூயா."

"அப்ப நாளைக்குச் சொல்லலாம்."

அந்த 'நாளைக்கு' வரவே இல்லை. பத்து வருஷம் வரவில்லை. உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நாங்கள் உப்பை மட்டும் நினைத்தோம்.

டெல்மரும் எங்களுக்கு வேலை வைக்கவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவருக்குக் கூடம் மட்டுமா கோணல்? காற்று கோணல், காற்றழுத்தம் கோணல், குண்டு கோணல், ஒரு வருஷம் மானே கோணலாக நின்றதாம். என் கடைக்கு வந்து புதுப்புதுக் குண்டுகள் வாங்கினார், குழல் துடைக்கும் பிரஷ் வாங்கினார், துப்பாக்கிக்கு இரண்டு கால் வாங்கி மாட்டினார். நட்டை இறுக்க ஒரு ஸ்பேனர் மட்டும் வாங்கவில்லை, நானும் எடுத்துக் காட்டவில்லை. ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் ஸ்கோப்பின் குமிழ்களைத் திருகித் திருகிக் குறியைச் சரிசெய்வார். மவுண்ட் நகரும், குறி போய்விடும், மறுபடி திருகுவார். போதாததற்கு நடக்கும்போது கைப்பிடிக்குள் விரலை விட்டு அந்த நட்டை ஜெபமாலை மாதிரி உருட்டிக்கொண்டே போவார். கொஞ்சநஞ்சம் இறுகியிருந்ததையும் மரத்தின்மேல் கட்டிய வேட்டைப் பரணுக்குப் போய்ச் சேர்வதற்குள் தானே அவிழ்த்துவிடுவார்.

சுவரில் பதினோரு சட்டைவால். அவர் மனைவி பெர்னிஸ் ஒரு முறை குடிலுக்கு வந்து அதைப் பார்த்துவிட்டு, "இதையெல்லாம் சேர்த்துத் தைச்சா ஜன்னலுக்குத் திரை போடலாம்" என்றாள். டெல்மர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அவர் சிரிப்பு மட்டும் சீக்கிரம் முடிந்துவிட்டது.

2010 அக்டோபரில் கோர்டியின் கொட்டகையில் நாலு பேரும் உட்கார்ந்திருந்தோம். டெல்மர் பீர் பாட்டிலின் காகிதத்தை நகத்தால் உரித்துக்கொண்டே சொன்னார்.

"இந்த வருஷமும் விழலைன்னா துப்பாக்கியக் குடுத்துடப் போறேன்டா. கரண்டியே போதும். எனக்கு அதுதான் எழுதியிருக்கு போல."

கண் கலங்கியிருந்தது. அறுபத்திரண்டு வயது ஆள். அந்த நிமிஷம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நார்பர்ட் சொன்னான்:

"நல்ல முடிவு டெல்மர். உடம்புக்கும் நல்லது."

கோர்டி குனிந்து தன் பூட்ஸ் கயிற்றைக் கட்டினான். அது ஏற்கெனவே கட்டித்தான் இருந்தது. நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். கொப்பரைக்குப் புது மூடி ஒன்று கடையில் வந்திருப்பதைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் முதல் சனிக்கிழமை, ஜல்லிக் குழிக்குப் பின்னால் துப்பாக்கிச் சங்கத்தில் குறி சரிபார்க்கும் நாள். ஊரே வரும். அங்கேதான் வினை வந்தது, லோர்னா வந்தேஹே என்ற உருவத்தில். கோர்டியின் அக்கா மகள். பால் கறக்கும் இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவள். கையில் எப்போதும் கிரீஸ், வாயில் எப்போதும் உண்மை. அந்த வருஷம் அவளையும் குடிலுக்குச் சேர்த்துக்கொள்வதாகக் கோர்டி வாக்குக் கொடுத்திருந்தான். எங்கள் ரகசியத்தை மட்டும் சொல்லிவைக்கவில்லை. எத்தனை புத்திசாலி பாருங்கள்.

டெல்மர் மணல்மூட்டையில் துப்பாக்கியை வைத்து மூன்று குண்டு சுட்டார். லோர்னா பெரிய தொலைநோக்கியில் இலக்குப் பலகையைப் பார்த்துச் சொன்னாள்.

"ஒண்ணு இடது மேல. ஒண்ணு வலது கீழ. மூணாவது எங்க போச்சுன்னே தெரியலை."

"காத்தழுத்தம் இறங்கியிருக்கு" என்றார் டெல்மர்.

"அப்படியா? பக்கத்து ஆளுக்கு மட்டும் ஏறியிருக்கா? அவர் குண்டு மூணும் ஒரே இடத்துல இருக்கே. குடுங்க பாக்கலாம்."

குண்டுகளைக் கழற்றினாள், குண்டு நுழையும் அறையைத் திறந்து காலியா என்று விரல் விட்டுப் பார்த்தாள், கைப்பிடியைப் பிடித்துத் தூக்கினாள். டக் டக் என்று ஒரு சத்தம். கோர்டி அவளுக்குக் கண்ணடித்தான். அவள் கவனிக்கவில்லை. மெல்ல அவள் பாதத்தை மிதித்தான்.

"மாமா, எதுக்கு என் காலை மிதிக்கிறீங்க?"

சங்கமே திரும்பிப் பார்த்தது. கோர்டிக்கு இருமல் வந்துவிட்டது.

"ஸ்கோப்ப பிடிச்சிருக்கிற மவுண்ட் லூசு, டெல்மர். ஸ்கோப் ஒரு பக்கம் பாக்குது, துப்பாக்கி ஒரு பக்கம் பாக்குது. நீங்க நடுவுல பாவம் யாரையோ திட்டிட்டு இருக்கீங்க."

"லூசா? நான் அட்டை வெச்சு டைட் பண்ணியிருக்கேன்மா."

"என்ன அட்டை?"

தன் வண்டியின் பின்கதவை இறக்கி, அதன்மேல் சாக்கை விரித்து, நட்டைக் கழற்றினாள். கழற்ற இரண்டு விரலே போதுமாயிருந்தது. மவுண்ட்டைத் தூக்கியதும் அடியிலிருந்து பழுப்பாக ஒரு பொட்டலம் விழுந்தது. பிரித்தாள். பாதி எண்ணும் 98 என்ற வருஷமும் தெரிந்தன.

"அதத் தூக்கிப் போட்டுடாதே" என்று டெல்மர் பதறினார். "அது ராசி. நான் மான் விழுத்தின வருஷத்து அட்டை."

"அப்ப இந்த அட்டை எங்க இருந்துச்சு?"

"என் முதுகுல."

"இதுக்கு அடியில வெச்ச பிறகு எத்தனை மான் விழுந்துச்சு?"

டெல்மரின் உதடு அசைந்தது. எண்ணிக்கொண்டிருந்தாரோ என்னவோ, எண்ணுவதற்கு ஒன்றும் இல்லை.

லோர்னா போல்ட்டின் மரையையும் மவுண்ட்டின் அடியையும் கைப்பிடியின் பள்ளத்தையும் பிரேக் துடைக்கும் திரவம் போட்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்தாள். காயவிட்டாள். எந்த அட்டையும் இல்லாமல் மவுண்ட்டைப் பள்ளத்தில் வைத்து முன்னும் பின்னும் அழுத்தினாள். அது பாட்டுக்குச் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. மரையில், நட்டு நகராமல் பிடிக்கும் நீலப் பசை ஒரு சொட்டு. புது வாஷர். நட்டை விரலால் ஓட்டி, கடைசியில் ஸ்பேனரால் ஒரு பிடி பிடித்து நிறுத்தினாள். ஸ்கோப்பைப் பிடித்திருந்த வளையத் திருகுகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பிறகு பையிலிருந்து மாட்டுக்கு அடையாளம் போடும் மஞ்சள் பேனாவை எடுத்து, நட்டிலிருந்து மவுண்ட்வரை ஒரே கோடாகப் போட்டாள்.

"இந்தக் கோடு உடைஞ்சா நட்டு நகர்ந்திருக்குன்னு அர்த்தம். இனிமே விரல் அங்க போகக் கூடாது. உருட்டணும்னா பாக்கெட்ல ஒரு கல்லு வெச்சுக்குங்க. பசை காயட்டும், நாளைக்கு வந்து சுடுங்க."

"இவ்வளவுதானா?" என்றார் டெல்மர்.

"இவ்வளவுதான். கால் மணி நேர வேலை. இந்தச் சத்தம் பத்தடி தள்ளி நின்னாலே கேக்குது. பதினோரு வருஷமா உங்க கூட இருந்தவங்க யாரு காதுலயும் விழலையா?"

டெல்மர் மெதுவாகத் திரும்பி எங்களைப் பார்த்தார். நார்பர்ட் வானத்தைப் பார்த்தான். கோர்டி இன்னும் இருமிக்கொண்டிருந்தான். நான் மணல்மூட்டையின் தையலை ஆராய்ந்தேன். அவர் அட்டையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் குமிழ்களைக் கடைசி முறையாகத் திருகிக் குறியைச் சரிசெய்துவிட்டு மூன்று குண்டு சுட்டார். மூன்றையும் ஒரு அரை டாலர் காசு வைத்து மறைக்கலாம். பக்கத்தில் நின்றவர்கள் கை தட்டினார்கள். நாங்களும் தட்டினோம், இழவு வீட்டில் தட்டுவதுபோல.

அடுத்த இரண்டு வாரம் என் வீட்டு டேங்க்கை நிரப்ப வந்தவர் காபி குடிக்காமலே போனார்.

வேட்டை திறக்கும் சனிக்கிழமை. நல்ல குளிர், பனி மெல்லிசாக விழுந்திருந்தது. எங்களுக்கு ஒவ்வொருவன் துப்பாக்கிச் சத்தமும் தெரியும். டெல்மருடையது வருஷா வருஷம் வரிசையாகக் கேட்கும்: ஒன்று, இரண்டு, மூன்று, கொஞ்சம் இடைவெளி, நாலு, பிறகு ஒரு கெட்ட வார்த்தை. அன்று ஏழே காலுக்கு ஒன்று கேட்டது. காத்திருந்தேன். இரண்டாவது வரவே இல்லை.

என் பரணிலிருந்து இறங்கி நடந்தேன். வழியில் கோர்டி வந்தான். முகம் தொங்கியிருந்தது.

"ஒண்ணுதான் கேட்டுச்சு ரஸ்."

"ஆமா."

"போச்சுடா."

நண்பன் பன்னிரண்டு வருஷம் கழித்து மான் விழுத்தியிருக்கிறான், நாங்கள் இரண்டு தடியர்கள் பனியில் நின்றுகொண்டு குழம்புக்காகத் துக்கப்பட்டோம். இப்போது எழுதும்போது எனக்கே என்னைச் செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

எட்டுக் கிளைக் கொம்பு. ஒரே குண்டு, இருக்க வேண்டிய இடத்தில். டெல்மர் பக்கத்தில் மண்டியிட்டு மானின் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். துப்பாக்கியின் மஞ்சள் கோடு உடையாமல் இருந்தது. லோர்னா அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டாள். அவர் அழுதார், சத்தம் போட்டே அழுதார். நாங்கள் வாழ்த்துச் சொன்னோம். அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

மாலை குடிலில் எல்லோரும் மேசையைச் சுற்றி உட்கார்ந்தோம். அடுப்பு எரிந்தது, அடுப்பின்மேல் ஒன்றும் இல்லை. கொப்பரை மூலையில் கவிழ்ந்து கிடந்தது. டெல்மர் சட்டைப் பையிலிருந்து அந்த 98 அட்டையை எடுத்து மேசையில் விரித்தார்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். எப்ப தெரியும்?"

"என்ன எப்ப தெரியும்?" என்றான் கோர்டி.

"கோர்டி, நான் முப்பது வருஷமா உன் வீட்டுக்குக் காஸ் ஊத்தறேன். உன் மூஞ்சி எனக்குத் தெரியும்."

நார்பர்ட்டுக்கு ரகசியம் வயிற்றில் தங்காது. பத்து வருஷம் தங்கியதே அதிசயம், மேலே பூயா இருந்ததால் தங்கியிருக்கும்.

"ரெண்டாயிரத்துலயே தெரியும் டெல்மர். சத்தியமா நான் சொல்லணும்னுதான்..."

"ரெண்டாயிரத்துலயே." டெல்மர் அதை மெல்லச் சொல்லிப் பார்த்தார். "பன்னெண்டு முற்றம்டா, ஒவ்வொரு நாளும். ஒவ்வொருத்தனும் கேப்பான். நான் கைகெட்டவன்னு நானே முடிவு பண்ணிட்டேன். பெர்னிஸ்கிட்ட என் கண்ணு போச்சுன்னு சொல்லி டாக்டர்கிட்டகூடப் போயிட்டு வந்தேன். நீங்க கிண்ணத்த நீட்டிட்டு இருந்தீங்க."

எனக்கு முகம் எரிந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வந்தது. பதினோரு வருஷம் அந்த வாய் வேறு வேலையில் இருந்தது, இப்போது கேட்டால் எடுபடாது என்று தெரிந்தது.

டெல்மர் எழுந்து சுவரிலிருந்து கத்தரியை எடுத்தார்.

"மான தப்பவிட்டவனுக்கு ஒரு சட்டைவால். கூடவே இருக்கிறவன தப்பவிட்டவனுக்கு என்ன? எழுந்திருங்கடா. திரும்புங்க."

மூன்று பேரும் எழுந்து சுவரைப் பார்த்துத் திரும்பினோம். மொத்தம் நூற்றெண்பது வயசு, பள்ளிக்கூடப் பிள்ளைகள்போல நின்றோம். கத்தரி என் முதுகில் பட்டபோது ஜில்லென்றது. வெட்டுக்குப் பிறகு காற்று அதைவிட ஜில்லென்று பட்டது. மூன்று வாலிலும் பெயர் எழுதினார், வருஷம் எழுதினார், தன்னுடைய பதினொன்றுக்கும் கீழே ஆணி அடித்தார். லோர்னா ஆணியை எடுத்துக் கொடுத்தாள், சிரிக்கவில்லை.

பிறகு கரண்டியை எடுத்து என் முன்னால் வைத்தார். பூட்ஸைக் கழற்றி அடுப்புப் பக்கம் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

"பசிக்குது ரஸ்."

பதினோரு வருஷம் அந்த பூயாவைத் தின்றவன் நான். எப்படி வைப்பது என்று ஒரு நாள்கூட எட்டிப் பார்த்ததில்லை. அலமாரியில் நார்பர்ட் காலத்து டப்பா பீன்ஸ் இருந்தது. சூடாக்கினேன். அடி பிடித்தது. பிடித்ததைச் சுரண்டாமல் ஐந்து கிண்ணத்தில் போட்டுக் கொண்டுவந்து வைத்தேன்.

டெல்மர் ஒரு வாய் எடுத்தார். மென்றார். மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"உப்பே இல்லையேடா" என்றார்.

கோர்டி கிண்ணத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் எழுந்து போய் உப்பை எடுத்துவந்து அவர் கைப்பக்கம் வைத்தேன்.